அருந்ததியின் தொலைவு, சூடு, விட்டம், எடை: வீட்டிலிருந்தே கணக்கிட ஒரு வழிகாட்டி

இணையத்தில் அருந்ததி நட்சத்திரத்தின் எடையைத் தேடிப் பாருங்கள். சூரியனைப் போல 1.8 மடங்கு என்று ஓரிடத்தில் இருக்கும், 2.1 மடங்கு என்று இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டாவது எண் பெரும்பாலும் சூத்திரத்தைப் பாதியாக எடுத்துப் போட்டதால் வருவது. பிளஸ் டூ கணக்கு தெரிந்த யாரும் ஒரு மாலை நேரத்தில் இதை முழுவதும் சரியாகப் போட்டுவிடலாம். சிக்கல் கணக்கில் இல்லை, எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், மலைக்கு அந்தப் பக்கம் குப்பம், வி.கோட்டா என்று ஆந்திர எல்லையோரம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. நேரமும் உயரமும் இந்த வட்டாரத்துக்கானவை. மற்ற எண்கள் எங்கிருந்தாலும் ஒன்றுதான்.

1. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

சப்தரிஷி மண்டலத்தின் வால் மூன்று நட்சத்திரங்களால் ஆனது. நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக, வெள்ளையாகத் தெரிவது அருந்ததி. இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 12 ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), முழு நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை.

பார்க்கும் காலம்: பிப்ரவரி நடுவில் இரவு எட்டரை வாக்கில் வடகிழக்கில் எழும், பத்து பதினொரு மணிக்கு மேல் பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் நள்ளிரவிலும், மே கடைசியில் இரவு ஒன்பது மணி சுமாருக்கும் வடக்கே உச்சிக்கு வரும். ஜூலை கடைசியில் இருட்டியதும் வடமேற்கில் இறங்கத் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாலையில் தேடாதீர்கள், கிடைக்காது. (பகல் பத்து மணி முகூர்த்தத்தில் மண்டப வாசலில் நிறுத்திக் காட்டுவது சம்பிரதாயம், வானியல் அல்ல.)

நம் பகுதியில் அது உச்சியில் இருக்கும்போது வடக்குத் தொடுவானத்திலிருந்து சுமார் 48 டிகிரி உயரம். கையை நீட்டி முஷ்டி மேல் முஷ்டியாக வைத்தால் ஏறக்குறைய ஐந்து முஷ்டி. எனவே வடக்கே நிற்கும் ஆந்திர மலைகள் மறைக்காது. மறைப்பது தெருமுனை ஹைமாஸ் விளக்குதான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, கண் பழக இருபது நிமிடம் கொடுங்கள். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு மிக நல்லது.

இருட்டு வேண்டும் என்று பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கக் காட்டோரங்களுக்குப் போகாதீர்கள். கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய பகுதி அது, யானை நடமாட்டம் உண்டு. நான்காம் பொலிவெண் நட்சத்திரத்துக்கு (பொலிவெண் என்பது வெளிச்சத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) அவ்வளவு இருட்டு தேவையும் இல்லை.

பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே ஏழரைப் பொலிவெண் அளவில் இன்னொரு புள்ளி தெரியும். அது அருந்ததி அல்ல. சிறிய தொலைநோக்கியில் வசிஷ்டரே 14 ஆர்க்செகண்ட் (ஆர்க்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டாகப் பிரியும், அதில் மங்கலானதும் ஏறத்தாழ நான்காம் பொலிவெண்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் அதையே அருந்ததி என்று குறித்துக்கொள்கிறார்கள். வெறும் கண்ணுக்கே தனியாகத் தெரிவது எதுவோ அதுதான் உங்கள் நட்சத்திரம்.

2. ஆவணங்கள்: மூன்று பதிவு எண், நான்கு அளவுகள்

ஒரே நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு எண் உண்டு. ஹென்றி டிரேப்பர் பட்டியலில் எச்.டி. 116842, ஹிப்பார்க்கஸ் பட்டியலில் 65477, பிரகாசமான நட்சத்திரங்களின் பட்டியலில் எச்.ஆர். 5062. சிம்பாட் என்ற இலவசத் தரவுதளத்தில் ஆல்கார் (Alcor, அருந்ததியின் சர்வதேசப் பெயர்) என்ற பெயரையோ இந்த எண்களில் ஒன்றையோ ஆங்கிலத்தில் அடித்தால் பக்கம் திறக்கும். எண் மூன்றும் பொருந்துகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். வசிஷ்டரின் பக்கம், அருந்ததியின் துணை நட்சத்திரத்தின் பக்கம் என்று தடம் மாறுவது சகஜம்.

அந்தப் பக்கத்திலிருந்து நான்கு அளவுகளை எடுத்து எழுதுங்கள்:

வி பட்டையில், அதாவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பச்சை-மஞ்சள் ஒளியில், பொலிவெண்: 3.99 அல்லது 4.01. இரண்டு பட்டியல், இரண்டு எண். 4.00 என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறக் குறியெண், அதாவது நீலப் பட்டைப் பொலிவெண்ணிலிருந்து வி பட்டைப் பொலிவெண்ணைக் கழித்தது: 0.16.

இடமாறு கோணம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் இடம் மாறுவது போலத் தெரியும் கோணம்: 39.91 மில்லி ஆர்க்செகண்ட், பிழை 0.13.

நிறமாலை வகை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து இட்ட வகை: ஏ5, அதன் பின்னால் ரோமன் ஐந்து. இந்த ரோமன் ஐந்துதான் இது முதன்மைத் தொடரில் (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் கட்டத்தில்) இருக்கும் நட்சத்திரம் என்று சொல்கிறது. அது ரோமன் மூன்றாக இருந்தால் பெரும் நட்சத்திரம், கீழே உள்ள எடைக் கணக்கு செல்லாது.

இடமாறு கோணத்தில் ஒரு பொறி. கையா விண்கலத்தின் அளவு ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் அளவைவிடப் புதியது, ஆகவே அதுதான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார்கள். கோடிக்கணக்கான மங்கலான நட்சத்திரங்களுக்கு அது உண்மை. வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவு பிரகாசமானவற்றுக்குக் கையாவின் எண் எப்போதும் மேலானது என்று இல்லை. பிழை என்ற நெடுவரிசையைப் பாருங்கள், எது சிறியதோ அதை எடுங்கள். இங்கே போட்டிருப்பது ஹிப்பார்க்கஸ் தரவின் திருத்திய கணக்கு.

3. செலவும் நேரமும்

கணக்குக்கு ஒரு பைசா ஆகாது. போனைப் படுக்கைவாக்கில் திருப்பினால் வரும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். சிம்பாட், விசியர் (நட்சத்திரப் பட்டியல்களின் இணையத் தொகுப்பு) இரண்டுக்கும் கட்டணமும் கிடையாது, பதிவும் வேண்டாம். பைனாகுலர் சில ஆயிரம் ரூபாய், கட்டாயம் இல்லை.

பணம் போகும் ஒரே வழி, நட்சத்திரத்துக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று சான்றிதழ் விற்பவர்கள். வானியலில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பெயர்களை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம். அது ஆல்கார் என்ற பெயரை 2016இல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே போய் அளந்துவிடலாமே என்று கேட்பார்கள். ஆய்வுத் தொலைநோக்கியின் நேரத்தை ஆய்வாளர்கள் முன்மொழிவு எழுதிக் கொடுத்துத்தான் பெற வேண்டும். பார்வையாளராகப் போக விருப்பம் என்றால் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அனுமதி நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

4. தொலைவு

1000ஐ இடமாறு கோணத்தால் வகுங்கள். 1000 ÷ 39.91 = 25.06 பார்செக். அதை 3.2616ஆல் பெருக்கினால் 81.7 ஒளியாண்டு.

1000 எதற்கு? கோணம் மில்லி ஆர்க்செகண்டில் இருக்கிறது. 1ஐ வகுத்தால் 0.025 பார்செக் வரும், நட்சத்திரம் நம் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடும். கோணத்தின் பிழை 0.3 சதவீதம், எனவே தொலைவின் பிழையும் அவ்வளவே: கால் ஒளியாண்டுக்குச் சற்று மேல். மொத்தக் கணக்கிலும் இவ்வளவு உறுதியான எண் வேறு கிடையாது.

5. உண்மையான வெளிச்சம்

பத்து பார்செக் தொலைவில் வைத்தால் எவ்வளவு பொலிவெண் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பொலிவெண் − 5 × லாக்(தொலைவு ÷ 10) = 4.00 − 5 × லாக்(2.506) = 4.00 − 1.99 = 2.0

கால்குலேட்டரில் லாக் என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இயல் மடக்கைப் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் விடை −0.6 என்று வரும், நட்சத்திரம் ஒரேயடியாகப் பதினோரு மடங்கு கூடுதலாக ஒளிரும். விடை 1க்கும் 3க்கும் வெளியே போனால் முதலில் இந்தப் பொத்தானைச் சந்தேகப்படுங்கள்.

இனி சூரியனோடு ஒப்பிடுவது. வி பட்டை வெளிச்சத்தை மட்டும் ஒப்பிட்டால் சூரியனின் எண் 4.83. வித்தியாசம் 2.83, அதை 2.5ஆல் வகுத்து 10இன் அடுக்காகப் போட்டால் 13.5 மடங்கு. புற ஊதா, அகச்சிவப்பு எல்லாம் சேர்த்த மொத்த வெளிச்சத்தை ஒப்பிட்டால் சூரியனின் எண் 4.74. வி பட்டையிலிருந்து மொத்த வெளிச்சத்துக்கு மாற்றும் திருத்தம் ஏ5 வகைக்குப் பூஜ்யத்தை ஒட்டியது என்பதால் அருந்ததியின் எண் 2.0 ஆகவே இருக்கும். விடை 12.5 மடங்கு. 13 என்று எடுத்துக்கொண்டு, முன்னே பின்னே 1 என்று பிழை எழுதிவிடுங்கள். பிரசுரமான மதிப்புகளும் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன.

வெள்ளை நட்சத்திரம் என்பதால் இங்கே திருத்தம் தொல்லை தரவில்லை. இதே கணக்கைத் திருவாதிரை போன்ற சிவப்பு நட்சத்திரத்துக்குத் திருத்தமில்லாமல் போட்டால் விடை பல மடங்கு தவறும்.

6. வெப்பநிலை: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

நிறக் குறியெண்ணைக் கொடுத்தால் வெப்பநிலை தரும் ஒரு சூத்திரம் இணையம் முழுவதும் சுற்றுகிறது:

4600 × { 1 ÷ (0.92 × நிறம் + 1.7) + 1 ÷ (0.92 × நிறம் + 0.62) }

0.16 போட்டால் 8,490 கெல்வின் வரும். போட்டவர்கள் மகிழ்ந்துபோய் அடுத்த படிக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஏ5 வகை முதன்மைத் தொடர் நட்சத்திரங்களுக்கான அட்டவணை மதிப்பு 8,000 முதல் 8,100 வரை. நானூறு கெல்வின் அதிகம்.

காரணம், அந்தச் சூத்திரம் நட்சத்திரத்தைக் கரும்பொருள் (வெப்பநிலையை மட்டும் பொறுத்து ஒளிரும் கற்பனைப் பொருள்) என்று வைத்துக்கொள்கிறது. ஏ வகை நட்சத்திரங்கள் அப்படி நடந்துகொள்வதே இல்லை. அவற்றின் வளிமண்டலத்தில் ஹைட்ரஜன் கோடுகள் எல்லா வகைகளையும்விட வலுவாக இருக்கும். நீலப் பட்டைக்குள்ளேயே மூன்று நான்கு ஹைட்ரஜன் கோடுகள் விழுகின்றன. புற ஊதாவின் ஓரத்தில் வெளிச்சம் படிக்கட்டு போலச் சட்டென்று இறங்குகிறது. சூரியனைப் போன்ற மஞ்சள் நட்சத்திரத்துக்கு அந்தச் சூத்திரம் பரவாயில்லை. வெள்ளைக்கு அதைத் தொடாதீர்கள், நிறமாலை வகைக்குரிய அட்டவணையைப் பாருங்கள். இங்கே 8,050 என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் உண்டு. அருந்ததி விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது. சூரியனின் நடுக்கோட்டு வேகம் 2 கிலோமீட்டர்தான். இந்த வேகத்தில் நடுப்பகுதி புடைத்து, துருவம் நடுக்கோட்டைவிடச் சூடாக இருக்கும். ஆக, 8,050 என்பது முழுப் பரப்புக்குமான சராசரி. அதற்குப் பின்னால் தசம இடம் போட்டு எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

7. விட்டம்

ஒளிர்திறனின் (ஐந்தாம் படியில் வந்த மொத்த வெளிச்சம், 13) வர்க்கமூலத்தை, (5772 ÷ வெப்பநிலை) என்பதன் வர்க்கத்தால் பெருக்குங்கள். 5772 என்பது சூரியனின் பரப்பு வெப்பநிலை.

√13 × (5772 ÷ 8050)² = 3.606 × 0.514 = 1.85

சூரியனைப் போல 1.85 மடங்கு, அதாவது குறுக்களவு ஏறக்குறைய 26 லட்சம் கிலோமீட்டர்.

முந்தைய படியில் ஏன் அவ்வளவு நேரம் நின்றோம் என்பது இங்கே தெரியும். வெப்பநிலை இருமடி ஏறி நிற்கிறது. 100 கெல்வின் தவறினால் விட்டம் இரண்டரை சதவீதம் தவறும். 8,490 போட்டிருந்தால் 1.67 வந்திருக்கும், பத்து சதவீதம் குறைவு. ஒளிர்திறனில் வரும் பிழை வர்க்கமூலத்துக்குள் போவதால் பாதியாகக் குறைந்துவிடும். எதில் கறாராக இருக்க வேண்டும், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பது இதிலிருந்தே புரியும்.

இந்த வட்டைத் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா? 81.7 ஒளியாண்டு தொலைவில் அது 0.69 மில்லி ஆர்க்செகண்ட் மட்டுமே. வீட்டுத் தொலைநோக்கியில் உருப்பெருக்கத்தை ஏற்றியதும் வட்டமாகத் தெரிந்தால் அது ஒளி விளிம்பு விளைவு (துளை வழியே வரும் ஒளி பரவுவது), இல்லையென்றால் ஃபோகஸ் சரியில்லை.

8. எடை

எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது: ஒளிர்திறன் = எடையின் 3.5ஆம் அடுக்கு. 13ஐ அப்படியே தலைகீழாகப் போட்டால் 2.08 வரும். தொடக்கத்தில் சொன்ன 2.1 இதுதான்.

முழு விதி பல துண்டுகளாக இருக்கிறது, நமக்கு வேண்டியவை இரண்டு. சூரியனில் 0.43 முதல் 2 மடங்கு வரை நான்காம் அடுக்கு. 2க்கு மேல் 1.4 × எடையின் 3.5ஆம் அடுக்கு. அந்த 1.4ஐ விட்டுவிடுவதுதான் தவறு. நான்காம் அடுக்கில் போட்டால் 1.90. இரண்டாவதை 1.4உடன் போட்டால் 1.89. இரண்டும் ஒத்துப்போகின்றன. விரிவான மாதிரிகளை வைத்துப் போட்ட பிரசுர மதிப்பு 1.8ஐ ஒட்டி வருகிறது. நம் முறைக்கு ஐந்து சதவீதப் பிழை சாதாரணம், எனவே 1.9, பிழை 0.1 என்று எழுதுங்கள்.

9. மிச்சம் மூன்றும் ஐந்து நிமிடத்தில்

அடர்த்தி: 1.9ஐ 1.85இன் கனத்தால் வகுத்து, சூரியனின் சராசரி அடர்த்தியான 1.41ஆல் பெருக்குங்கள். கன சென்டிமீட்டருக்கு 0.42 கிராம். தண்ணீரில் பாதிகூட இல்லை.

பரப்பு ஈர்ப்பு: 1.9 ÷ 1.85² = 0.555. சூரியனின் ஈர்ப்பு பூமியைப் போல 28 மடங்கு, எனவே இங்கே பூமியைப் போல பதினைந்தரை மடங்கு.

சுழற்சி: நடுக்கோட்டுச் சுற்றளவு சுமார் 81 லட்சம் கிலோமீட்டர். வேகம் விநாடிக்கு 200 என்றால் ஒரு சுற்றுக்கு 11 மணிநேரம் சொச்சம். நாம் அளப்பது நம் பக்கம் வரும் வேகத்தின் பங்கு மட்டும்தான், அச்சு சாய்ந்திருந்தால் உண்மை வேகம் இன்னும் கூடும். ஆகவே “அதிகபட்சம் 11 மணிநேரம்” என்று எழுதுங்கள், “11 மணிநேரம்” என்று எழுதாதீர்கள்.

ஆயுளும் கேட்பார்கள். எடையை ஒளிர்திறனால் வகுத்து 1000 கோடி ஆண்டால் பெருக்கினால் சுமார் 145 கோடி ஆண்டு. இது மொத்த ஆயுள், தற்போதைய வயது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய பக்கங்கள் ஏராளம். அருந்ததி சப்தரிஷி நகர்வுக் குழுவை (ஒன்றாகப் பிறந்து ஒரே திசையில் நகரும் நட்சத்திரங்கள்) சேர்ந்தது. அந்தக் குழுவின் வயது 40 முதல் 50 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். எனவே இன்னும் மூன்றில் இரண்டு பங்கு பாக்கி.

10. பொலிவெண்ணை நீங்களே அளக்க விரும்பினால்

டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ஸ்டாண்டு. ஐஎஸ்ஓ 400 முதல் 800, ஐந்து விநாடி, ரா கோப்பு, தொடர்ந்து இருபது படம். போனில் தானியங்கிப் பொலிவுத் திருத்தம் படத்தைக் கெடுத்துவிடும், வேண்டாம். பச்சை நிறத் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வி பட்டைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

புள்ளி சற்றுப் பரவும்படி ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குவது வழக்கம். இங்கே கவனம்: 50 மி.மீ. லென்ஸில் வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே சென்சாரில் 0.17 மி.மீ.தான், சாதாரணக் கேமராவில் நாற்பது பிக்சல் சுமார். வசிஷ்டர் ஆறு மடங்கு பிரகாசம். புள்ளி பதினைந்து பிக்சலுக்கு மேல் விரிந்தால் அவருடைய வெளிச்சம் அருந்ததியின் கணக்கில் ஏறிவிடும்.

ஒப்பீட்டுக்கு வசிஷ்டர் வேண்டாம். சப்தரிஷியின் சதுரமும் வாலும் சேரும் மூலையில் இருக்கும் மெக்ரெஸ் நல்லது: பொலிவெண் 3.3, அதுவும் ஏ வகை வெள்ளை. நிறம் ஒத்துப்போவதால் கேமராவின் பச்சைத் தடம் செய்யும் தவறு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். மெக்ரெஸ் சுமார் ஒரு மணி பத்து நிமிடம் முன்னால் உச்சியைக் கடக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும் இடைப்பட்ட நேரத்தில் படமெடுங்கள். மே கடைசியில் அது இரவு எட்டரை மணி வாக்கு. உயரம் மாறினால் காற்று உறிஞ்சும் வெளிச்சமும் மாறும்.

விடை 3.9க்கும் 4.1க்கும் நடுவே வந்தால் திருப்திப்படலாம்.

11. துணை நட்சத்திரம், பிறகு அடுத்த நட்சத்திரம்

அருந்ததிக்கு ஏறக்குறைய 1 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு சிவப்புக் குறுமீன் (சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரம்) இருப்பது 2009இல் தெரியவந்தது. அதன் வெளிச்சம் மிகக் குறைவு, மேலே போட்ட எந்த எண்ணையும் அசைக்காது. ஆனால் எல்லா இரட்டைகளும் இப்படி இல்லை. இரண்டும் ஒரே அளவு பிரகாசமாக இருந்து, பட்டியலில் சேர்த்து ஒரே பொலிவெண் போட்டிருந்தால் உங்கள் ஒளிர்திறன் இரு மடங்கு ஆகிவிடும். சிம்பாட் பக்கத்தில் “இரட்டை அல்லது பல்கூட்டு” என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்து ஐந்து, ஐந்தரைப் பொலிவெண் வெள்ளை நட்சத்திரம் ஒன்றை எடுத்தால், அது பல நூறு ஒளியாண்டு தொலைவில் இருக்கக்கூடும். அப்போது நடுவில் உள்ள தூசி வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தையும் சிவப்பாக்கும். அருந்ததி பக்கத்தில் இருப்பதால் இதைப் புறக்கணித்தோம். தொலைவு 300 ஒளியாண்டைத் தாண்டினால், அதிலும் பால்வீதிப் பட்டையின் திசையில் இருந்தால், நிறமாலை வகைக்குரிய இயல்பான நிறக் குறியெண்ணோடு பட்டியல் எண்ணை ஒப்பிடுங்கள். பட்டியல் எண் 0.05 கூடுதலாக இருந்தால், அதை 3.1ஆல் பெருக்கி வரும் 0.16ஐப் பொலிவெண்ணிலிருந்து கழித்துவிட்டு ஐந்தாம் படியிலிருந்து திரும்ப வாருங்கள்.